ஏட்டையாவிடம் என் ஊர் சொன்ன இரண்டு பொய்கள்

எங்கள் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது நான் மலேசியாவில், போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் தெரிந்திருக்காது. நான் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து வருடம் போனேன். படித்தேன் என்று சொல்லவில்லை, போனேன்.

ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ரேஷன் கடை, கண்மாய், பஸ் நிற்காத பஸ் ஸ்டாப், எல்லாம் அப்படியே. மாவட்டம் மட்டும் வேறு. பழைய கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மக்களின் வசதிக்காகப் புதிதாக வந்த ஆபீசுக்கு மூன்று.

இதெல்லாம் எனக்கு உறைத்தது பாஸ்போர்ட் முடியப்போன நேரத்தில்தான். புது பாஸ்போர்ட் இல்லையென்றால் வேலை பெர்மிட் இல்லை, பெர்மிட் இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கோலாலம்பூரில் இந்தியத் தூதரகத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தேன். என் கையெழுத்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். கவுண்டரில் இருந்தவர் மூன்று தடவை போடச் சொல்லி, அதில் சுமாரானதை எடுத்துக்கொண்டார்.

விண்ணப்பத்தில் புது மாவட்டம் என்று இருந்ததால் விசாரணையும் புது மாவட்டத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. பழைய ஸ்டேஷனில் என்னை எல்லோருக்கும் தெரியும். திருவிழாவில் மைக்கைப் பிடுங்கிப் பாடியதற்காக ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார வைத்திருந்தார்கள். புது ஸ்டேஷன் ஏட்டையாவுக்கு எங்கள் ஊருக்கு வழியே தெரியாது. விசாரித்து வந்து, ரேஷன் கடை வாசலில் பைக்கை நிறுத்தி, என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

காக்கிச்சட்டை போட்டவர் வந்து ஊர்க்காரன் ஒருவனைத் தேடினால் எங்கள் ஊரில் ஒரே பதில்தான்.

“அப்படி ஒரு ஆளே இங்க இல்லீங்க.”

வரிசை மொத்தமும் ஒரே குரலில். தேர்தலுக்குக்கூட ஒன்று சேராத ஊர் எனக்காகச் சேர்ந்தது. ஏட்டையா விடாமல் வீட்டுக்கும் போயிருக்கிறார். சாயங்காலம் மனைவி போன் செய்தாள். குரலில் அவ்வளவு பெருமை.

“என்னங்க, போலீசு வந்துச்சு. பயப்படாதீங்க. ஒங்கள யாருன்னே தெரியாதுன்னு சொல்லிப்புட்டேன்.”

“செவத்துல நம்ம கல்யாண போட்டோ தொங்குதேடி?”

“அதையும் கேட்டாரு. முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனதுன்னு சொன்னேன்.”

“அதுல என் பக்கத்துல நிக்கிறது நீதான!”

“அதுக்குத்தான முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டேன்.”

அப்படி ஒரு நபர் அங்கே இல்லை என்று அறிக்கை வந்தது. கிள்ளானில் பிறந்து வளர்ந்த எங்கள் சூப்பர்வைசர் அதைக் கேட்டு வாயைப் பிளந்தார். கிராமத்தை அவர் கம்பம் என்றுதான் சொல்வார்.

“என்னா லா நீ? ஒரு கம்பமே ஒன்ன தெரியாதுன்னு சொல்லுது. அங்க என்னா பண்ணிட்டு வந்த?”

“ஒண்ணும் பண்ணலண்ணே. பாசம்ணே.”

“பாசத்த மூட்ட கட்டு. மாசக் கடைசி வரைக்கும்தான் நான் ஆபீஸ்ல பேசி இழுக்க முடியும். அப்புறம் பிளைட்டுதான்.”

மறு விசாரணைக்கு எழுதிக் கொடுத்தேன். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பேசியும் அனுப்பினேன்: “அடுத்த தடவ வந்தா, இருக்கான்னு சொல்லுங்க.” மலேசியாவில் இருக்கிறான் என்று சொல்லுங்கள் என்று அதில் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். என் மூளைக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை.

ஏட்டையா திரும்பவும் வந்தார். இருக்கான் என்றது ஊர். எங்கே என்றார். வயலுக்குப் போயிருக்கான் என்றது. காலையில்தான் என்னிடம் பீடி வாங்கிப் பற்றவைத்ததாக ஒரு பெரியவர் சாட்சி சொன்னார். என் மனைவி இன்னும் ஒரு படி மேலே போய், “சாப்பிட வந்துருவாரு, ஒக்காருங்க” என்று நாற்காலியை எடுத்துப் போட்டிருக்கிறாள். மதியம் வரை காத்திருந்த ஏட்டையா, கடைசியில் எனக்கு எடுத்து வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இந்தத் தடவை நபர் ஊரில் இருக்கிறார், வயலில் வேலை செய்கிறார் என்று அறிக்கை. கோலாலம்பூர் கவுண்டரில் அதைப் படித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க ஊர்ல இருக்கீங்கன்னு வந்திருக்கு. அப்ப இங்க நிக்கிறது யாரு?”

எனக்கே சந்தேகம் வந்து, கழுத்தில் தொங்கிய வேலை அட்டையை எடுத்து என் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

மாசக் கடைசிக்கு எட்டு நாள் இருந்தது. மனைவியை விட்டு ஏட்டையாவிடம் உண்மையைச் சொல்லவைத்தேன். அவர் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்து, அங்கிருந்தே என்னை வீடியோ காலில் பிடித்தார். நான் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

“எங்கய்யா இருக்க? வயல்லயா?”

“கிள்ளான்ல சார்.” போனைத் திருப்பி கண்டெய்னர்களைக் காட்டினேன்.

“நீ இந்த ஊருதான்னு நான் எப்படி நம்புறது? ஊர்க்காரங்க சொல்றத இனிமே கேக்கிறதா இல்ல.”

போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவில் நடக்க ஆரம்பித்தார்.

“இது யாரு வீடு?”

“சித்தப்பா வீடு சார். மகனுங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர்.”

“அடுத்தது?”

“துபாய் சார்.”

“இந்தப் பூட்டுன வீடு?”

“குடும்பத்தோட திருப்பூர்.”

“பச்சக் கதவு?”

“அவன் இங்கதான் சார், பக்கத்து டவுன் காப்பார்ல. நேத்துகூடப் பாத்தேன்.”

தெருக்கோடியில் ஏட்டையா நின்றுவிட்டார். “ஏன்யா, அப்ப இந்த ஊர்ல ஆம்பளன்னு யாருதான்யா இருக்கா?”

நன்றாக யோசித்தேன். “பெருசுங்கள விட்டா, இப்போதைக்கு நீங்கதான் சார்.”

பின்னால் என் மனைவி சிரிக்கும் சத்தம். ஏட்டையா கேமராவை அவள் பக்கம் திருப்பினார். “இந்தாம்மா, கடைசியா கேக்கிறேன். போன்ல இருக்கிறது யாரு?”

அவள் ஏட்டையாவைப் பார்க்கவில்லை. போனுக்குள் என்னைப் பார்த்தாள்.

“என்னங்க, இப்ப இருக்கீங்கன்னு சொல்லணுமா, இல்லன்னு சொல்லணுமா?”

“போதும்மா, ஒம் புருசன்தான்” என்று சொல்லிவிட்டு, ஏட்டையா பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் பாஸ்போர்ட் வந்தது.