பெயர் மட்டும் எழுதவில்லை

எங்கள் ஊர்க்காரர்களிடையே கல்யாணச் செய்தி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் மன்னிப்பு உண்டு. துட்டி போய்ச் சேராவிட்டால் கிடையாது. ஒரு வீட்டில் உயிர் போனால், அந்தச் செய்தி தாராவிச் சந்துகளில் இருக்கிற வீடுகளுக்கும், அங்கிருந்து காட்கோபருக்கும் செம்பூருக்கும் பெயர்ந்துபோன வீடுகளுக்கும் ஒன்றுவிடாமல் சொல்லப்பட வேண்டும். விட்டுப்போன வீட்டுக்காரர் பத்து வருஷம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஊர்ச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் துட்டி சொல்கிற பொறுப்பு என்னுடையதாக இருந்தது. முன்பெல்லாம் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வாட்ஸ்அப் குரூப் வந்தது. மும்பையில் இருப்பவர்களும் ஊரில் இருப்பவர்களுமாக இருநூறு பேருக்கு மேல். ஒரே செய்தியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, டிராம்பேயில் என் ஸ்டோர் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். ஒரு வீடும் விட்டுப்போனதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

என் அம்மாவுக்கு ஒரே தங்கை. அந்தச் சித்தியின் மகள், ஏழு வயதுப் பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மும்பைக்கு வந்து இறங்கியபோது, அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கியபடியே இருந்தன. எப்படி ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. புருஷனைத் தவிர வேறு யார். அவன் அவளுடைய போனைத் தினமும் வாங்கிப் பார்ப்பானாம். அவள் யாரிடம் பேசினாள், எவ்வளவு நேரம் பேசினாள் என்று கணக்குக் கேட்பானாம். அவள் எங்கே போனாலும் அவனுடைய போனில் தெரிகிற மாதிரி ஏதோ செய்து வைத்திருந்தான். அதனால் அந்தப் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் அவள் பஸ் ஏறியிருக்கிறாள். ஒரு பகல் முழுக்க அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தானாம்.

தாராவியில் அவளுடைய பெரியப்பா இருந்தார். ஒற்றை அறை வீடு, மேலே பலகை போட்ட ஒரு பரண். அந்தப் பரணை இவளுக்கும் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் அவர் வாசலில் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் செம்பூரில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துக் கொடுத்தேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் அவளுக்குக் காய் நறுக்குகிற வேலை கிடைத்தது. அந்த விரல்களோடு எப்படிக் கத்தி பிடித்தாளோ தெரியாது. பிடித்தாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, எம்பேர எங்கயும் எழுதிராதீய. குரூப்புல, சங்கத்து லிஸ்ட்டுல, எதுலயும் வேண்டாம்."

"எழுத மாட்டேன்ட்டி. நான் என்ன கூறுகெட்டவனா?"

அவள் பட்டன் போன்தான் வைத்திருந்தாள். நம்பர் எங்கள் நான்கு பேருக்கு மட்டும் தெரியும். பிள்ளையை யாரும் போட்டோ எடுக்க விடமாட்டாள். பொங்கலன்று தாராவியில் தெருவை அடைத்து வரிசையாகப் பானை வைப்பார்கள்; ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள். இவள் முந்தானையைப் பிள்ளை தலையில் போட்டு மூடி, திரும்பி நிற்பாள். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது.

"ஏட்டி, நீ என்ன உளவுத்துறையிலயா வேல பாக்க?" என்று கேலி செய்தேன்.

"சிரிச்சுக்கிடுங்க அண்ணே. போட்டோ மட்டும் எடுக்காதீய."

ஒன்றரை வருஷம் இப்படியே போனது. பிள்ளை இந்தி பேசக் கற்றுக்கொண்டு எங்களையெல்லாம் திருத்த ஆரம்பித்தது. இவள் முகத்திலும் சதை பிடித்தது. அந்த மழைக்காலத்தில் ஒரு காலையில் தாராவிப் பெரியப்பா போய்விட்டார்.

குரூப்பில் துட்டி போட்டேன். செம்பூர்ப் பக்கத்து ஆட்களைத் தாராவிக்குக் கூட்டிப்போக ஒரு வேன் பேசினேன். யார் யார், என்ன நம்பர், எந்த இடத்தில் நிற்பார்கள் என்று ஒரு லிஸ்ட் எழுதிக் குரூப்பில் போடுவது வழக்கம். அவரவர் பெயர் இருக்கிறதா என்று அவரவர் பார்த்துக்கொள்வார்கள். இவளைக் கூப்பிட்டேன். மெஸ்ஸில் சொல்லிவிட்டுக் கிளம்பி, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு, பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. பரணைக் கொடுத்தவரின் முகத்தைப் பார்க்க அவள் அந்த மழையில் பிள்ளையோடு பஸ்ஸுக்கு நிற்பதா? நான் எதற்கு இருக்கிறேன்? லிஸ்ட்டில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். 'என் சித்தி மகளும் பிள்ளையும்' என்று எழுதி, நம்பரைப் போட்டு, பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட்டு, கேட் பக்கம், பன்னிரண்டரை மணி என்று முடித்தேன்.

பெயர் எழுதவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

எங்கள் ஊரில் யார் யாரைப் பெயர் சொல்லி அடையாளம் வைத்திருக்கிறார்கள்? இன்னார் மகள், இன்னார் கொழுந்தியாள் என்றால்தான் ஆள் பிடிபடும். அவள் பெயரை எழுதியிருந்தால்கூட அதே பெயரில் ஊரில் ஐந்தாறு பேர் உண்டு, குழம்பியிருப்பார்கள். என் சித்தி மகள் ஒருத்திதான். ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

வேன் வந்தது. எல்லோரும் போய் அழுதோம். பெரியப்பாவைச் சயான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்த பிறகு, சாயங்காலம், எனக்கு என்னவோ உறுத்தியது. அந்த லிஸ்ட்டை 'எல்லோருக்கும் அழி' என்று அழித்தேன். செய்தி இருந்த இடத்தில் அது அழிக்கப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. கை கழுவின திருப்தியோடு குளிக்கப் போனேன்.

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஸ்டோரில் இருந்தேன். அவள் கூப்பிட்டாள். தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்திருக்கிறது; வாசித்துக் காட்டினாள். "பாப்பா ரெட்டச் சடையில நல்லா இருக்கா."

அவ்வளவுதான். திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. அன்றைக்குக் காலையில் அவள் பிள்ளைக்கு இரட்டைச் சடை போட்டுத்தான் பள்ளியில் விட்டிருந்தாள்.

ஆட்டோவில் செம்பூர் வருவதற்குள் பள்ளி ஆபீஸுக்குப் போன் செய்து, பிள்ளையை யாரிடமும் விட வேண்டாம் என்று சொன்னேன். போய் இறங்கினால், கேட்டுக்கு எதிரே ஜூஸ் கடையில் அவன் நின்றுகொண்டிருந்தான். சலவைச் சட்டை. நெற்றியில் விபூதி.

"வாங்க மச்சான். சௌக்கியமா?" என்றான்.

"இங்க என்னல செய்த?"

"எம்பிள்ளைய நான் பாக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். என் லிஸ்ட். என் பெயர் மேலே இருக்க, கடைசி வரி வரை எழுத்துப் பிசகாமல் இருந்தது. யாரோ அழிப்பதற்கு முன்னாலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறார்கள். "நீங்கதான மச்சான் விலாசம் குடுத்திய. இப்ப வந்து தடுத்தா எப்படி?"

அவனைக் குரூப்பிலிருந்து எப்போதோ எடுத்துவிட்டோம். அவனுடைய அண்ணன் இன்னும் அதில் இருந்தான். அது என் புத்திக்கு எட்டவே இல்லை.

மாட்டுங்காவிலிருந்து அவள் மெஸ் முதலாளியம்மாவோடு வந்து சேர்ந்தாள். போலீஸைக் கூப்பிட்டோம். அவர்கள் வருவதற்குள் அவன் போய்விட்டான். ஓடவில்லை, நடந்தே போனான். காவல் நிலையத்தில் ஒரு பெண் போலீஸ் புகாரை எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "பத்தா உஸ்கோ கிஸ்னே தியா?" என்று கேட்டாள். விலாசத்தை அவனுக்குக் கொடுத்தது யார் என்று. சித்தி மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"மைனே," என்றேன். நான்தான்.

அந்தப் பெண் போலீஸ் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

மூன்றே நாளில் அவள் அறையைக் காலி செய்தாள். பெண்களுக்கு உதவுகிற ஒரு அமைப்பிலிருந்து ஒரு அம்மா வந்து கூட்டிப்போனார். எந்த ஊர், எந்தப் பக்கம், எதுவும் சொல்லவில்லை. ஸ்டேஷன் வரை வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், திட்டவில்லை.

"நீங்க நல்லவிய அண்ணே," என்றாள். "அதான் பயமா இருக்கு."

அன்றிலிருந்து குரூப்பில் நான் நம்பரும் விலாசமும் போடுவதில்லை. துட்டி என்றால் பழையபடி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "என்ன அண்ணாச்சி, காலம் எங்க போகுது, நீங்க எங்க போறிய" என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும்.

ஒரு வருஷம் கழித்து ஊரில் சித்தி இறந்துபோனாள். மாரடைப்பு. அன்றைக்கு எல்லா வீட்டுக்கும் சொல்லி முடித்தேன், பெற்ற மகளைத் தவிர. அவளுடைய பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை. அந்த அமைப்புக்குப் போன் செய்து கெஞ்சினேன். அவள் அங்கிருந்தும் போய்விட்டாள், புது நம்பர் தங்களிடமும் இல்லை என்றார்கள். மெஸ் முதலாளியம்மா வீட்டுக்கு இரண்டு தடவை நடந்தேன். தெரிந்தவர் தெரியாதவரிடமெல்லாம் விசாரித்தேன். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ரயிலேறி ஊருக்குப் போனபோதுகூட, அவள் எப்படியாவது கேள்விப்பட்டு வந்திருப்பாள் என்று ஒரு நப்பாசை இருந்தது.

அதற்கு நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அண்ணே, நான்தான்."

எச்சில் கையோடு எழுந்துவிட்டேன். நல்லாயிருக்கிறாளாம். பிள்ளை நாலாவது படிக்கிறாளாம். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசணும் போல இருந்துச்சு அண்ணே. ரெண்டு நாளா அடிக்கேன், ஸ்விச் ஆஃப்னு வருது. நம்பர மாத்திட்டாளா?"

எத்தனை வீட்டுக்குத் துட்டி சொன்ன வாய் இது. அன்றைக்கு நாக்கு எழவில்லை. ஒருவழியாகச் சொன்னேன்.

"எப்ப?" என்றாள்.

"நாலு மாசம் ஆச்சு தாயி."

"கொள்ளி வச்சது தம்பிதான?"

"ஆமா."

அடுத்துப் புருஷனைப் பற்றிக் கேட்டாள். "அவன் வந்திருந்தானா?"

மறைக்க நினைத்தேன். முடியவில்லை. "எடுத்த அன்னிக்கும் வந்தானாம். பதினாறுக்கு நானே பாத்தேன். பந்தல் வாசல்ல நாக்காலியப் போட்டு உக்காந்திருந்தான். வார பஸ்ஸையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தான்."

"நல்லவேள அண்ணே," என்றாள். "நீங்க எனக்குச் சொல்லாம இருந்திய. சொல்லிருந்தா பிள்ளையக் கூட்டிட்டு ஓடி வந்திருப்பேன்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன். நம்பர் மட்டும் கிடைத்திருந்தால் அன்றைக்கே, அந்த நிமிஷமே, சொல்லியிருப்பேன். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.