சுண்ணாம்பில் முக்கிய தாள்

ஏழாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் ஆளுக்கு ஒரு நீல லிட்மஸ் தாள் கொடுத்தார். அமிலத்தில் முக்கினால் சிவக்கும், காரத்தில் முக்கினால் மறுபடி நீலமாகும். வீட்டில் எலுமிச்சம்பழத்தில் முக்கிப் பார்க்கச் சொன்னார். நான் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

ஓடைப்பட்டியில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கிணற்றுத் தண்ணீரில் ஒரே பந்தலாகத் திராட்சை போட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் இலையில் பூஞ்சை விழாமலிருக்க மயில்துத்தக் கரைசலையும் சுண்ணாம்புப் பாலையும் கலந்து அடிப்பார்கள். துத்தக் கரைசல் அமிலம், சுண்ணாம்பு காரம். சுண்ணாம்பு குறைந்தால் மருந்தே இலையைக் கருக்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க, தீட்டிய அரிவாளைக் கலவையில் முக்கி வைப்பார்கள். இரும்பில் செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு ஊற்ற வேண்டும். அப்பா முக்கினால் ஒரு பீடி முடியும்வரை அரிவாளை எடுக்க மாட்டார்.

அன்று அப்பா சின்னமனூர் போயிருந்தார். வாடகை ஸ்பிரேயர் வந்து நின்றது. மேற்கே மேகம் கட்டியிருந்தது. சித்தப்பாவுக்கு அவசரம். சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றியது சித்தி. நல்ல கல் என்றால் குபுகுபுவென்று கொதிக்கும். இது, சித்தப்பா வாய் திறந்த சாக்கில் மாதக்கணக்கில் போட்டுவைத்திருந்த கல்.

“ஏங்க, கல்லு செத்துப்போச்சு. தொட்டாச் சூடுகூட இல்ல,” என்றார் சித்தி.

“இருக்கத ஊத்து. ஒனக்கு எதுலதான் கொற இல்ல? போ, போயி தண்ணி கொண்டா.”

சித்தி குடத்தோடு கிணற்றுக்குப் போனார். சித்தப்பா அரிவாளை முக்கினார், உடனே எடுத்தார், “சுத்தமா இருக்கு,” என்றார். நான் என் தாளை முக்கினேன். சிவந்தது.

“சித்தப்பா, சுண்ணாம்பு பத்தல.”

அவர் தாளைப் பார்த்தார். ஸ்பிரேயர்காரரிடம், “டீச்சரம்மா வந்துருக்காக, எந்திரிச்சு நில்லுய்யா,” என்றார். இருவரும் சிரித்தார்கள். மருந்தை அடித்தார்கள்.

நான்காம் நாள் கொழுந்தெல்லாம் கருகிக் கிடந்தது. பிஞ்சுகள் தொட்டால் உதிர்ந்தன. அந்தப் பருவத்துக் காய் அவ்வளவுதான். சித்தப்பா ஊரைக் கூட்டிச் சித்தியைக் கைகாட்டினார். “சுண்ணாம்பு கலக்கத் தெரியாதவளக் கட்டிட்டு வந்தேன், தோட்டமே போச்சு,” என்றார். கல் கொதிக்கவில்லை என்று சித்தி இரண்டு முறை சொன்னார். ஒருவரும் நின்று கேட்கவில்லை.

நோட்டுக்குள் வைத்திருந்த சிவப்புத் தாளை அப்பாவிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத வேற யாரு பாத்தா?”

“சித்தப்பா பாத்தாக. சித்தி தண்ணிக்குப் போயிருந்தாக.”

அப்பா எழுந்தார். புதிதாக வாங்கி நீற்றியிருந்த சுண்ணாம்பு வாளி அங்கேயே இருந்தது. அதில் தாளை முக்கி எடுத்தார். நீலமாகிவிட்டது.

“பாரு ஆத்தா, சரியாப் போச்சு,” என்று என் கையில் கொடுத்தார்.

கிணறு ஒன்று, பந்தல் ஒன்று, தம்பி ஒருவர். அவருக்கு அது போதும். இதை எழுதும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று நான் கைதட்டினேன். புத்தகத்தில் இருந்தது கண்முன்னே நடந்துவிட்டதே.

அன்று மாலை சித்தி ஒரு பையோடு மயிலாடும்பாறைக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றார். ஓடிப்போய்த் தாளைக் காட்டினேன்.

“இது செவப்பா இருந்துச்சு சித்தி. மருந்துல முக்குனேன். அப்பாதான் நீலமா மாத்துனாக.”

சித்தி அதைக் கையில் வாங்கவில்லை. “அடிக்கிறதுக்கு முன்னாடியே முக்குனியா?”

“ஆமா. சுண்ணாம்பு பத்தலன்னு சித்தப்பாட்ட சொன்னேன்.”

“ஒங்க அப்பாவுக்கும் தெரியுமா?”

“தெரியும். அவுகதான மாத்துனாக.”

பஸ் வந்தது. சித்தி ஏறி, நான் நின்ற பக்கம் சன்னல் காலியாக இருந்தும் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். இவ்வளவு நல்ல வித்தையைக் காட்டியும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று அன்று எனக்குச் சித்தியின் மேல்தான் கோபம் வந்தது.