ஆறு கூடை லைட்

எங்கள் ஹோட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘சூப்பர்வைசரம்மா’ என்று பெயர் வைத்தவன் நான்தான். மரியாதையாவது ஒன்றாவது, சுத்தக் கிண்டல்! பதினேழு வருடமாக அழுக்குத் துணி பிரிக்கிறவள். சூப்பர்வைசராக இங்கிலீஷ் தேர்வு எழுதி இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு.

இரண்டு முறையும் அவளைக் கவிழ்த்தது ‘லைட்’ என்ற ஒரே சொல். லைட் கலர், லைட் பெட்டி, லைட் சாப்பாடு என்று அர்த்தங்களை வரிசையாக மனப்பாடம் செய்வாள். கேள்வித்தாளைப் பார்த்ததும் முழி பிதுங்கிவிடும்.

“வரிசையா வச்சா எனக்கு மண்டையில ஏறாதுண்ணே. பிரிச்சுப் போட்டாத்தான் ஏறும்” என்றாள்.

துணியில் குத்தும் அடையாளச் சீட்டுகளில் சீட்டுக்கொரு ‘லைட்’ வாக்கியமாக இங்கிலீஷில் எழுதினாள். வேலை முடிந்ததும் காலிக் கூடைகள் ஆறை வைத்துக்கொண்டு நிறம், எடை, அளவு, கடுமை என்று அவற்றைப் பிரிப்பாள். அதில் ஒரு சீட்டு தப்பி மேலாளரின் கோட்டு முதுகில் ஏறிவிட்டது. ‘மை ஹஸ்பண்ட் இஸ் எ லைட் ஸ்லீப்பர்’ என்று முதுகில் சுமந்தபடி மனிதர் ஒரு கூட்டத்தையே நடத்தி முடித்திருந்தார். கவனிக்காமல் இஸ்திரி போட்டு அனுப்பியவன் நான். அவர் வந்து கத்தியபோது வாயைத் திறக்கவில்லை. இன்றும் வெட்கமாக இருக்கிறது.

“என் எழுத்துதான் சார்” என்றாள் அவள்.

“அப்படியா? இந்தத் தடவை உன் பரீட்சையை நானே நேர்ல கேக்கறேன்.”

தேர்வன்று துணி கொடுக்கும் சாக்கில் மேலாளர் அறைக் கதவோரம் நின்றேன்.

“லைட்டுக்கு என்னென்ன அர்த்தம்? சொல்லும்மா.”

அவள் மேசைமேல் ஆறு கூடைகள் இருப்பதுபோல் கைகளை விரித்தாள்.

“வாக்கியமா சொல்லுங்க சார், பிரிச்சுத் தரேன்.”

அவர் ஒவ்வொன்றாக வீசினார். மழை, தண்டனை, தூக்கம், சட்டை. அவள் மேசையில் ஒவ்வோர் இடமாகக் கை வைத்தாள்.

“இது கொஞ்சம். இது கடுமை இல்லாதது. இது சட்டுனு கலையறது. இது வெளிர் நிறம்.”

“லைட் ரீடிங்?”

அவள் எழுதிய சீட்டுகளில் இல்லாதது! அவள் கை நின்றது. பிறகு, அதுவரை தொடாத ஓர் இடத்தில் மெல்ல அமர்ந்தது.

“இதுக்குப் புதுக் கூடை சார். மூளைக்குப் பாரமில்லாம படிக்கறது.”

மேலாளர் சிரித்தேவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

திங்கட்கிழமை சட்டையில் பேட்ஜோடு வந்தாள்.

“வாங்க சூப்பர்வைசரம்மா” என்றேன். அந்தப் பெயரில் கிண்டல் துளிகூட மிச்சமில்லை.

“வரேண்ணே. இனிமே கோட்டு முதுகைப் பாத்துட்டு அனுப்புங்க” என்றாள்.