துண்டுக்கடியில் மூன்று ஓட்டு

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது முனிராஜ் வாத்தியார் போன் செய்தார். "காதர் பாய் போயிட்டாருங்க" என்றார். அடுத்த மூச்சிலேயே, "அந்த மெஷின் என்னாவுமுங்க?" என்று கேட்டார். சாவுச் செய்தி சொல்கிற வாயால் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குச் சுருக்கென்றது. அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதில் இன்னும் கோபம் வந்தது.

மாரண்டஹள்ளி மண்டியில் காதர் பாயிடம் தக்காளி போட்டவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பழத்தை எடுப்பார். அதைத் திரும்ப வைப்பதற்குள் விலை சொல்லிவிடுவார். சொன்ன சொல் மாறாது. லாரிச் சரக்கையே அப்படி முடிக்கிற மனிதர், வீட்டிலிருந்த ரெக்கார்டு பிளேயரை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று முடிவு செய்யாமலே போய்ச் சேர்ந்தார் என்றால் மண்டியில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அது சாதாரணப் பெட்டி அல்ல. ஓசூரில் இருந்த ஓர் அதிகாரி ஊரை விட்டுப் போகும்போது பாயிடம் கொடுத்துவிட்டுப் போன வெளிநாட்டு மெஷின். இசைத்தட்டைத் தாங்கிச் சுற்றுகிற வட்டத்தைத் தனியே தூக்கினால் அம்மிக்கல் கனம் கனக்கும். நல்ல நாளில் பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். ஆனால் நல்ல நாள் எப்போதாவதுதான் வரும். பெல்ட் தளர்ந்துபோய், அளவான பெல்ட் எங்கும் கிடைக்காமல், பாய் சைக்கிள் டியூபை வெட்டி ஒன்று மாட்டியிருந்தார். அன்றிலிருந்து எந்தப் பாட்டும் முதல் சரணம் வரை ஒழுங்காகப் போய், அதற்குப் பிறகு மேடேறும் மாட்டுவண்டியாகத் திணறும்.

மகன் ரஹீம் ஓசூரிலிருந்து புது மெஷின் ஒன்று வாங்கி வந்தான். தொட்டால் போதும், ஓடும். பாய் அதைக் கையில் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணியில்லாத எளநி மாதிரி இருக்குது" என்றார். அதற்காகத் திருப்பி அனுப்பவும் இல்லை. பழையது மேஜை மேல், புதியது பீரோ மேல். இரண்டிலும் ஒரே தட்டைப் போட்டுக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல, வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் மூன்று பேர்: கணக்கு வாத்தியாராக இருந்த முனிராஜ், மொரப்பூரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த சின்னசாமி, நான்.

முதல் வாரமே சண்டை. சின்னசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பாட்டைக் கேட்டு, பழைய மெஷின் லேட்டாக ஓடுகிறது என்றார். பாட்டு என்ன பாசஞ்சர் வண்டியா என்று வாத்தியார் சீறினார். பழையதற்கு அவர்தான் வக்கீல். அன்றைக்கு டீயைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

பாய் இளவயதில் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். அடுத்த வாரம், துணிக்கடியில் விரலைப் பிடித்து ரகசியமாக விலை பேசுகிற அந்தச் சந்தை வழக்கத்தையே கொண்டுவந்துவிட்டார். கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வரச் சொன்னார். துண்டுக்கடியில் அவருடைய ஒரு விரலைப் பிடித்தால் பழையதே இருக்கட்டும் என்று அர்த்தம். இரண்டு விரலைப் பிடித்தால் மாற்றிவிடு. "தரகனுக்கு ஓட்டு கெடையாதுங்க, எண்றது மட்டுந்தான் நம்ம வேலை" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மூவரும் பிடித்து முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிபாதியா நிக்குதுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை பாக்கலாம்" என்பார். உள்ளேயிருந்து டீ வரும். எவன் குறுக்கே நிற்கிறவன் என்று ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே குடிப்போம். வருஷக்கணக்கில் இதுதான் நடந்தது.

பாய் இறந்த நாற்பதாம் நாள், அவருக்காக ஓதும் பாத்திஹாவுக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து அதே அறையில் உட்கார்ந்தோம். பழைய மெஷினை ஒருவர் விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா என்று ரஹீம் கேட்டான். "அத்தா ஒண்ணும் சொல்லிட்டுப் போகலைங்க. நீங்களே சொல்லிருங்க" என்றான்.

இனி மறைத்து என்ன என்று சின்னசாமி முதலில் வாயைத் திறந்தார். அவர் எப்போதும் இரண்டு விரல்தானாம். நானும் அப்படித்தான் என்றேன். இருவரும் சேர்ந்து வக்கீலைத் திரும்பிப் பார்த்தோம். வாத்தியார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "நானுந்தானுங்க" என்றார். சற்றுக் கழித்து அவரே கேட்டார்:

"மூணு ஓட்டு எப்படிங்க சரிபாதியாவும்?"

ஆயுசு முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது. எனக்கும் அன்றைக்குத்தான். துக்க வீடு என்றுகூடப் பாராமல் சிரித்துவிட்டோம். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. சிரிப்பு ஓய்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கணவர் போன பின் அயலார் முன் வராமல் இத்தா இருக்கும் ஜமீலா அக்கா, பாயின் மனைவி, திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். "வாரா வாரம் எங்கிட்டச் சொல்லிச் சிரிப்பாருங்க. மூணு பேரும் ரெண்டு வெரலுதான், மாத்திட்டா இவுங்களுக்கு நம்ம வூட்ல என்ன வேலைம்பாரு."

அப்படியானால் கொடுத்துவிடலாமா என்று ரஹீம் மறுபடி கேட்டான். பதில் திரைக்குள்ளிருந்து வந்தது: "சரிபாதியாத்தான்டா நிக்குது. அடுத்த வெள்ளிக்கிழமை பாக்கலாம்."

நாங்கள் கிளம்பும்போது ஜமீலா அக்கா பாயின் துண்டை ரஹீமிடம் கொடுத்தனுப்பி என்னிடம் தரச் சொன்னார். பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் துண்டும் அதனோடு வந்த வேலையும்தான். தரகனுக்கு ஓட்டு இல்லை என்பதால் இப்போது ஓட்டு இரண்டுதான். போன வெள்ளிக்கிழமை சின்னசாமி வந்து என் ஒற்றை விரலைப் பிடித்தார். வாத்தியாரும் ஒற்றை விரலையே பிடித்தார், கொஞ்சம் அழுத்தமாக. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சரிபாதியாக நிற்கிறது என்று சொன்னேன்.