பனியில் பிரேக் பிடிக்காதே

சிலுவையம்மாளின் ஷேர் ஆட்டோவிலிருந்து யார் இறங்கினாலும் அவளிடம் ஒரு வாழ்த்து வாங்காமல் போக முடியாது. "பிரேக்க புடிச்சி போ நைனா!" நடந்து போகிறவனுக்கும் அதேதான். திருவொற்றியூருக்கும் டோல்கேட்டுக்கும் நடுவே நாள் முழுக்கக் கன்டெய்னர் லாரிகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வேறென்ன ஆசீர்வாதம் தெரியும்? ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையிடமும் அதையே சொல்லி, மணப்பெண்ணின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்.

மகள் கரோலின் கனடாவில் சின்ன விமானம் ஓட்டப் படிக்கிறாள். வழியனுப்பப் போன இடத்திலும் அழுதுகொண்டே அம்மா சொன்னது அதைத்தான்.

அன்று சாயங்காலம், திருவொற்றியூரில் வண்டி நிறைந்த நேரம், மகளிடமிருந்து போன்.

"எம்மா, இன்னிக்கு டெஸ்ட்டு. ஒரு ரவுண்டு சுத்தி எறக்கிக் காட்டணும். ரன்வே ஃபுல்லா பனி. பாஸானாதான் வேல."

"பிரேக்க..."

"ஐயோ, அத மட்டும் சொல்லாத! பனியில பிரேக்க அமுக்குனா சக்கரம் லாக்காயி பிளேனு சறுக்கிகினு பூடும். வேகம் தானா கொறையணும். அப்பால நடக்கற மாதிரி மெதுவா உருட்டிகினு போவணும். நீ சொன்னா என் காலு தானா அமுக்கிடும்மா. வேற எதுனா சொல்லு."

ஊருக்கெல்லாம் ஓயாமல் வாழ்த்தின வாய்க்கு, பெற்ற பெண்ணுக்கென்று ஒரு வார்த்தை வரவில்லை பாருங்கள்! கடைசியில், "கால சும்மா வச்சிக்கினு, மெதுவா போய்ட்டு வா கண்ணு" என்றாள்.

வண்டியை எடுத்தாள். மகள் விமானத்தை இறக்கும் வரை தானும் பிரேக்கைத் தொடுவதில்லை என்று அவளுக்குள் ஒரு வைராக்கியம். ஆட்டோ ஊர்ந்தது. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

"இன்னாக்கா, தள்ளிகினா போற?" என்றார் பின்சீட்டிலிருந்த பஞ்சர் கடை ரஹீம்.

"என் பொண்ணு பிரேக்க தொடாம பனியில பிளேனு எறக்கப் போறா. நானும் தொட மாட்டேன். அவசரம்னா எறங்கி நடந்து போ பாய்!"

யாரும் இறங்கவில்லை. ரஹீம் வெளியே தலையை நீட்டி, ஹாரன் அடித்த லாரிக்காரனை அதட்டினார். "அடங்கு மாமு, பிளேனு எறங்கிகினு கீது!"

டோல்கேட்டில் வண்டி தானாக உருண்டு நின்றது. அப்போதும் ஒருவரும் இறங்கவில்லை. எல்லார் கண்ணும் போன்மேல்தான். அது அடித்தது.

"எம்மா, பாஸு! திரும்பற எடத்துல கொஞ்சம் வழுக்குச்சு. காலு பிரேக்குக்கே போச்சும்மா. நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு, எடுத்துட்டேன்."

ஆட்டோவுக்குள் ஒரே விசில். சிலுவையம்மாள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வாழ்த்தவும் மறந்துபோனாள். இறங்கிய ரஹீம்தான் திரும்பிப் பார்த்து, "கால சும்மா வச்சிக்கினு, மெதுவா போய்ட்டு வாக்கா" என்றார். இத்தனை வருஷத்தில் அவளை ஒருவர் வாழ்த்தி அனுப்புவது இதுதான் முதல் தடவை.

காக்கிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா பாய், டோல்கேட்டுல பனியா கொட்டுது? பிரேக்க புடிச்சி போ!"