வெள்ளிக்கிழமைகளில் அப்பா பாடினார்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, சாப்பாடு வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. ஆறுதலாக வாசியுங்கள். அண்ணா எழுதியிருந்தால் அடக்கமாக எழுதியிருப்பார். அவர் தனக்கு எழுத்து வராது என்று என் தலையில் கட்டிவிட்டார். என் வாயைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் தெரியும், எனவே பிறகு குறை சொல்லக் கூடாது.

அப்பா கரவெட்டியில் பிறந்தவர். தபாலதிபராக மன்னாரிலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் கடமையாற்றியவர். போரில் இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமான் ஒன்றையும் எடுக்காமல், தபாற்கந்தோர்ப் பூட்டுகளின் திறப்புகளை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போய் மேலதிகாரியிடம் ஒப்படைத்தவர். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லி ஏசுவார். கொழும்பில் ஒரு சிறு அறையில் இருந்துகொண்டு எங்கள் இருவரையும் படிப்பித்தார். நாங்கள் இங்கே வந்து காலூன்றிய பிறகு அவரையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டோம். அண்ணா மெல்பேர்னில் கிரான்பர்னில் இருப்பதால், இருவரும் சிட்னியில் டூங்கபியில் என்னுடன்தான் இருந்தார்கள்.

நேர்மையான மனிதர், ஆனால் பிழை பொறுக்க மாட்டார். கோயிலில் பூசை முடிவில் பதிகம் பாடுவது எங்கே போனாலும் அப்பாதான். வேறு யாராவது பாடி ஒரு சொல் பிசகினால், அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவார். ஹெலன்ஸ்பர்க் கோயிலில் அத்தனை பேருக்கு முன்னால் என் மகளை அப்படி நிறுத்தினார். அவள் அதற்குப் பிறகு அவர் இருக்கும் இடத்தில் பாடியதே இல்லை.

அந்த அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை, வலக்கால் இரண்டும் சோர்ந்தன. அதைவிடக் கொடுமை, பேச்சு போய்விட்டது. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும், பதில் சொல்லத்தான் வராது. வாயைத் திறப்பார், சத்தம் வரும், சொல் வராது. அம்மாதான் மிகவும் உடைந்துபோனார். "விடிஞ்சா பொழுதுபட்டா 'இஞ்சாரும், இஞ்சாரும்' எண்டு கூப்பிட்டு என்ர பிராணனை வாங்கின மனிசன். இப்ப வீடு செத்தவீடு மாதிரிக் கிடக்கு" என்று குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுவார்.

ஆளைத் தூக்கி இருத்தவும் பயிற்சி கொடுக்கவும் இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் வேண்டும் என்று டொக்டர்கள் சொன்னார்கள். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு யூத முதியோர் இல்லம் இருக்கிறது. வேலைக்கு முன்னும் பின்னும் ஓடிப்போய்ப் பார்க்கலாம். அங்கே இசையால் பேச்சைத் திரும்பக் கொண்டுவரும் சிகிச்சையும் உண்டு என்று அறிந்தேன். அப்பாவிடமே கேட்டேன். என் முகத்தைப் பார்த்துச் சம்மதமாகத் தலையசைத்தார். அன்றிரவே அண்ணா போனில் குதித்தார்.

"அப்பாவைக் கொண்டுபோய் ஹோமிலயோ விடப்போறாய்? அதுவும் யூத ஆக்களின்ர ஹோமில. சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கிற சனத்தை ஒரு கிழமை வந்து நிண்டு அப்பாவைத் தூக்கி இருத்தச் சொல்லுங்கோ அண்ணா. தைப்பொங்கலுக்கிடையில அப்பா கதைக்காட்டி நானே திருப்பிக் கூட்டிக்கொண்டு வாறன்."

சனம் கதைத்தது. ஆர் ஆர் என்று எனக்குத் தெரியும். அதில் சிலர் இப்போது இந்தப் பக்கத்தைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இல்லத்தில் லேயா என்ற பிள்ளை கிற்றாருடன் வந்து இசைச் சிகிச்சை செய்வாள். பேச்சு போனவர்களுக்கும் பாட்டு பல வேளைகளில் மிஞ்சியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பேச்சை இழுத்து வரலாம் என்று விளங்கப்படுத்தினாள். "அப்பாவுக்கு மிகவும் பிடித்த பாட்டுகள் எவை?" என்று கேட்டாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அண்ணா பதிகங்களாகத் தேர்ந்து போனுக்கு அனுப்பினார். லேயா அந்த மெட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டு வந்தாள்.

அப்பா வாய் திறக்கவில்லை. பாட்டைப் போட்டதும் கண் கலங்கும், உதடு இறுகும். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறை இடக்கையால் போனைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் அம்மாதான். "உங்களுக்கு உங்கட அப்பாவைத் தெரியேல்ல. அவர் சாமீன்ர பாட்டில பிழை விடுவாரோ? நாக்குப் பிரளுது எண்டு அவருக்குத் தெரியும். அதுதான் வாயைப் பூட்டி வச்சிருக்கிறார்." ஒரு மனிதருக்கு மிகவும் பிடித்த பாட்டையே அவருக்குப் பூட்டாக மாட்டியிருந்தோம். அன்றோடு பதிகங்களை நிறுத்தினோம்.

சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரை மொறிஸ் அங்கிளுடையது. சிறுவனாகப் போலந்திலிருந்து தப்பி வந்து, சிட்னியில் தையற்கடை வைத்திருந்தவர். வாய் ஓயாத மனிதர். பேச முடியாத அப்பா அவருக்குக் கிடைத்த வரம். "இந்த வயதில்தான் குறுக்கே பேசாத ஒரு நண்பன் கிடைத்திருக்கிறான்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அப்பாவும் சிரிப்பார்.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். வாத்தியம் தொட மாட்டார்கள். லேயா கிற்றாரை மூடி வைத்துவிட்டு நேரத்தோடு வீட்டுக்குப் போய்விடுவாள். சாப்பாட்டு மண்டபத்தில் வெள்ளை விரிப்பு, சடைபோல் பின்னிச் சுட்ட கோதுமைப் பாண், விளக்கு. சாப்பிட்டபின் மேசையில் தட்டிக்கொண்டு வெறும் வாயால் பாடுவார்கள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மொறிஸ் அங்கிள் ஒரு மெட்டைத் தொடங்கினார். அதில் ஒரு சொல்லும் கிடையாது. "ஆய் டாய் டாய்" என்று சுற்றிச் சுற்றி வரும். கடவுளுக்குப் பாடும்போது சில வேளை சொல்லே தேவையில்லை என்பது அவர்களுடைய வழக்கமாம்.

அப்பாவின் இடக்கை மேசையில் தாளம் போட்டது. மெட்டு மறுபடி வந்தபோது, "தான... தன்னா..." என்று ஒரு கரகரத்த குரல் சேர்ந்தது. எங்கள் அப்பாவின் குரல். பிழை பிடிக்க அதில் சொல்லே இல்லை. மொறிஸ் அங்கிள் அவரைத் திரும்பிப் பார்க்கவுமில்லை, மெச்சவுமில்லை. பாட்டை முடிக்க விடாமல் திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் வெளியே போய்ச் சுவரோடு நின்று அழுதுவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோசம்.

பிறகு லேயா அந்த மெட்டையே எடுத்துக்கொண்டாள். இடக்கையில் தட்டித் தட்டி, "தண்ணி தா", "பசிக்குது" என்று நான் சொல்லிக்கொடுத்த சின்னச் சின்னச் சொற்களை அதில் ஏற்றினாள். ஆனால் முதற்சொல் அவளிடம் வரவில்லை. அந்த இல்லத்தில் இறைச்சிச் சாப்பாடு வைத்த மேசைக்குப் பால் வராது. அது அவர்களுடைய மார்க்கக் கட்டுப்பாடு. அப்பா மரக்கறிச் சாப்பாடுதான், என்றாலும் மேசை ஒன்றுதானே. வெள்ளிக்கிழமை இரவுகளில் எப்போதும் இறைச்சிதான், ஆகவே வெறும் தேத்தண்ணிதான் கிடைக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், ஒருநாள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "பால் எங்க?" என்றார். மணி மாதிரித் தெளிவாக. அர்த்தத்தை நான் சொன்னதும் மண்டபமே கைதட்டியது. ஆனாலும் பால் வரவில்லை. கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். அறைக்குக் கூட்டிப்போய்த்தான் பால் தேத்தண்ணி கொடுத்தார்கள்.

பொங்கலுக்கு அண்ணா கிரான்பர்னிலிருந்து வந்தார். சொன்ன தவணை வந்துவிட்டதே. அப்பாவின் கட்டிலடியில் நின்று, "அப்பா, வீட்டை வாறியளோ? நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று கேட்டார். அப்பா தொடையில் தட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக எடுத்தார்.

"வெள்ளி... இஞ்ச. ஞாயிறு... வீட்டை."

அண்ணா சரியென்று தலையாட்டினார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா டூங்கபிக்கு வந்து அம்மாவின் கையால் சாப்பிட்டார். மற்ற நாட்களில் இல்லத்தில் மொறிஸ் அங்கிளுடன் பத்திரிகை பார்த்தார், சதுரங்கம் ஆடினார், தோற்றால் கோபித்தார். கோபிக்கச் சொற்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தன.

கடைசியில் நெஞ்சுச்சளி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அப்பாவே கையை அசைத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருந்தோம். மொறிஸ் அங்கிள் தள்ளுநாற்காலியில் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அமைதியாகப் போனார் அப்பா.

அப்பாவைத் தங்கள் ஆளாகப் பார்த்த இல்லத்துப் பணியாளர்களுக்கும், மெட்டிலே தமிழ்ச் சொற்களை ஏற்றிய லேயாவுக்கும், மொறிஸ் அங்கிளுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அப்பாவோடு கதைத்திருந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளைச் செய்து தந்த ஐயருக்கும், சமைத்துக் கொண்டுவந்த கைகளுக்கும், தூரத்திலிருந்து போனில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெயர் எழுதவில்லை. செத்தவீட்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசிக் காலத்தில மனிசனை ஹோமில விட்டிட்டியளே அக்கா" என்று கேட்டாரே, அவருக்குத்தான். அவர் கேட்டிராவிட்டால், அம்மா அதுவரை எங்களுக்கும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லியிருக்க மாட்டார்.

"ஓம், அங்கதான் இருந்தவர்" என்றார் அம்மா. "கடைசி ஞாயிறு வீட்டை வந்து சாப்பிட்டுப்போட்டு, கையால தட்டித் தட்டி என்னைக் கேட்டவர், 'இஞ்சாரும், நீர் சாப்பிட்டீரோ?' எண்டு. கலியாணம் கட்டின நாளில இருந்து, நாக்கு நல்லா இருந்த காலமெல்லாம், அந்த மனிசன் என்னை அப்பிடி ஒருநாளும் கேட்டதில்லை."