மெயிலுக்கு ஒரு இஸ்திகாரா

மருதமுனையில் நான் வேலை செய்யும், சாரம் நெய்யும் கம்பனியில் ஏசி உள்ள அறை ஒன்றே ஒன்றுதான். அது முதலாளிக்கல்ல, ஒரு கம்ப்யூட்டருக்கு. எங்கள் மெயில் எல்லாம் அந்தக் கிழட்டு மெசினுக்குள்தான் வந்து விழும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினொரு வருடமாக வேறு வேலை எனக்குத் தெரியாது.

சென்ற வருடம் அது படுத்தத் தொடங்கியது. கரண்ட் போய் வந்தால் எழும்ப அரை நாள். கொழும்புக் கடைக்காரர் நாலு தரம் அனுப்பிய ஓடர் வந்து சேரவேயில்லை. கடைசியில் நானே மூன்று பக்கம் எழுதி முதலாளியிடம் கொடுத்தேன்: மெயிலைக் கிளவுட்டுக்கு மாற்றுவோம், மெசினைத் தூக்கி எறிவோம். மெசினோடு என் வேலையும் போகும் என்பது எழுதும்போதே தெரியும். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். ஆனாலும் பொய் எழுதக் கை வரவில்லை. கொஞ்சம் வீம்பும் இருந்தது.

முதலாளியை ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். கண்ணாடியைப் போட்டு மூன்று பக்கத்தையும் படித்தார்.

“நல்லாத்தான் எழுதியிரிக்காய். நான் இஸ்திகாரா தொழுதுட்டுச் சொல்றன்.”

கல்யாணம் பேசும்போதும் காணி வாங்கும்போதும் எங்கள் ஊரில் இஸ்திகாரா தொழுவார்கள். எது நல்லதோ அதைக் காட்டு என்று அல்லாஹ்விடம் கேட்டுவிட்டு, மனம் சாயும் பக்கம் போவார்கள். மெயிலுக்குத் தொழுதவரை நான் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் காலையிலேயே போய் நின்றேன்.

“என்ன ஹாஜியார், ஏதும் விளங்கிச்சா?”

“ஒரு கெனா கண்டன். நம்மட கூரையில எரும ஒண்டு நிக்கிது.”

“அது கிளவுட்டுக்கு ஓமா, இல்லையா?”

“எரும ஒண்டும் கதைக்கல்ல, மனெ.”

விஷயம் தறிக் கொட்டிலுக்குப் போய்விட்டது. எருமை மேலே நிற்பதால் கிளவுட்தான் என்றது ஒரு கட்சி. எருமை நின்றால் கூரை இடியும், ஆகவே கூடாது என்றது மற்றக் கட்சி. கனவே தேவையில்லை, மனச்சாய்வு போதும் என்று மௌலவி சொல்லி அனுப்பினார். யார் கேட்டார்கள்!

ஒரு கிழமை இப்படியே போனது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு ஹாஜியார் அந்த ஏசி அறையில்தான் பாய் போட்டுத் தூங்குவார். இதுதானா சங்கதி என்று நாலாம் பக்கம் எழுதிக் கொடுத்தேன்: ‘மெசின் போனாலும் ஏசி அதே இடத்தில் இருக்கும்.’

படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏசிக்காக இழுத்தடிக்கிறன் எண்டா நெனச்சாய்? மெயில மாத்தத்தான் வேணும், அது மொத நாளே விளங்கிட்டு. நான் தொழுதது உனக்காக. உன்ன நிப்பாட்டுறதா, வெச்சிரிக்கிறதா எண்டு.”

“அப்ப அந்த எரும...?”

“வேறாரு, நீதான். இறக்கிவிட மனசு வரல்ல.”

மெசின் போன நாளில் எனக்குக் கிடைத்த வேலை, மெயிலுக்குப் பதில் எழுதுவது. பதினொரு வருடமாக மெயில் வந்ததா என்று மட்டும் பார்த்தவன், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அன்றுதான் படித்தேன். பாதிக்கு மேல் எங்களைத் திட்டித்தான் இருந்தது.

ஹாஜியாரை நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரில் சொல்ல வாய் வராமல், கிளவுட்டிலிருந்து முதல் மெயிலை ஹாஜியாருக்குப் போட்டேன்: ‘உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.’ இரண்டு நாளாகப் பதில் இல்லை. அவர் மெயிலே பார்ப்பதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் நானே கையில் கொடுத்தேன்.